பீப் சத்தம் கம்மியா கேக்குதா? மீட்டரைத் தூக்கிப் போடறதுக்கு முன்னாடி…

தங்கச்சி, மல்டிமீட்டர்ல பீப் சத்தம் குறைஞ்சு போச்சுன்னு சொன்னதுமே கடைக்காரர் புது மீட்டரை எடுத்து நீட்டுவார். அவசரப்பட்டு வாங்கிடாதே. கோளாறு பெரும்பாலும் போர்டுல இருக்காது. பேட்டரியில, லீட்ல, ரப்பர் உறையில, இல்லேன்னா உள்ளே இருக்கற பித்தளைத் தட்டு சரியா உட்காராததுல இருக்கும். எல்லாமே வீட்டு மேசையில வச்சே பார்த்துடலாம். வரிசை மட்டும் மாறக் கூடாது. வெளியில ஆரம்பிச்சு உள்ளே போகணும். எடுத்த எடுப்புல ஸ்க்ரூவைக் கழட்டினா, ரெண்டு ரூபாய் வேலை இருநூறு ரூபாய் வேலையா ஆயிடும்.

கன்டினியூட்டி பீப் எதுக்குன்னு உனக்குத் தெரியும். கண்ணு ஒயர் மேலயும் கை ப்ரோப் மேலயும் இருக்கும்போது, திரையைப் பார்க்காமலே ‘இணைப்பு இருக்கு’ன்னு காது சொல்லணும். அந்தச் சத்தம் மந்தமாகிட்டா வர்ற ஆபத்து ஒண்ணு தான்: பீப் கேக்கலை, அதனால ஒயர் கட்டுன்னு முடிவு பண்ணிடுவோம். மிக்ஸி ஓடுற சத்தத்துக்கு நடுவுல நல்லா இருக்கற அயர்ன் பாக்ஸ் கார்டை அறுந்து போச்சுன்னு நினைச்சு மாத்தறவங்க எத்தனையோ பேர். அதனால பீப் சரியாகற வரைக்கும் காதை நம்பாம எண்ணைப் பாரு. அதுலயும் ஒரு சூட்சுமம் இருக்கு. டயல்ல பீப் படமும் டையோடு படமும் ஒரே இடத்துல இருந்தா, திரையில வர்ற எண் ஓம் இல்லாம மில்லிவோல்ட்டா இருக்கலாம். 200 ஓம் ரேஞ்சுக்குத் திருப்பி அளந்தா தான் அது சரியான ஓம் கணக்கு.

எந்த மாதிரி கம்மின்னு முதல்ல கேளு

ரெண்டு ப்ரோபையும் முட்ட வச்சு, பத்து எண்ணற வரைக்கும் அப்படியே பிடி. சத்தம் சீரா வருது, ஆனா மெதுவா இருக்குன்னா அது ஒரு வகை. கரகரன்னு விட்டு விட்டு வந்தா வேற வகை. மீட்டரோட முதுகை லேசா அமுக்கினதும் சத்தம் ஏறுதுன்னா மூணாவது. ப்ரோபை முட்ட வச்சா கணீர்னு வருது, அயர்ன் பாக்ஸ்லயோ ஹீட்டர்லயோ வச்சா மட்டும் இழுக்குதுன்னா, மீட்டர் மேல தப்பே இல்லை.

அந்தக் கடைசி வகையை முதல்ல முடிச்சுடுவோம், நிறைய பேர் குழம்பற இடம் அது தான். ஒவ்வொரு மீட்டருக்கும் ‘இத்தனை ஓமுக்குக் கீழே இருந்தா தான் பீப் அடிப்பேன்’னு ஒரு எல்லை உண்டு. சிலதுல 30 ஓம், சிலதுல 50, சிலதுல 70 வரைக்கும் போகும். மீட்டரோட வந்த சின்னத் தாள்ல எழுதியிருக்கும். இப்ப நம்ம வீட்டுச் சாமானைப் பாரு. 230 வோல்ட்டை 230ஆல பெருக்கி, வர்றதை வாட்டால வகுத்தா அந்தக் காயிலோட ஓம் கிடைக்கும். 1000 வாட் அயர்ன் பாக்ஸ்னா சுமார் 53 ஓம். 750 வாட்னா 70 ஓமுக்குக் கொஞ்சம் மேலே. தண்ணி சுட வைக்கற 1500 வாட் ராடு 35, 2000 வாட் கீசர் 26. ஆக, 30 ஓம் எல்லை உள்ள மீட்டர்ல கீசர் பீப் அடிக்கும், அயர்ன் பாக்ஸ் அடிக்காது. ரெண்டு காயிலும் நல்ல காயில் தான். எல்லைக்கு ரொம்பப் பக்கத்துல விழுந்தா மலிவு மீட்டர்ல முக்கி முனகி ஒரு சத்தம் வரும், அதைக் கேட்டு பஸ்ஸர் போச்சுன்னு நினைச்சுடுவோம். சீலிங் ஃபேன் வைண்டிங்கெல்லாம் நூத்துக்கணக்கான ஓம். அதுக்கு பீப்பே வராது. காயில், வைண்டிங் பார்க்கும்போது பீப்பை மறந்துடு, 200 இல்லேன்னா 2000 ஓம் ரேஞ்சுல எண்ணைப் படி. ஒயர், சுவிட்ச், ஃப்யூஸ் பார்க்கறதுக்கு மட்டும் பீப்பை வச்சுக்கோ.

பேட்டரியும் லீடும்

சத்தம் சீரா, ஆனா மெதுவா வந்தா பேட்டரியில இருந்து ஆரம்பி. மஞ்சள் கலர் மலிவு மீட்டர்ல 9 வோல்ட் பேட்டரி இருக்கும். திரை பளிச்சுனு தெரியுதே, பேட்டரி எப்படிப் போயிருக்கும்னு கேப்பே. எல்.சி.டி. திரை ரொம்ப ரொம்பக் கொஞ்சம் கரன்ட்ல ஓடிடும், பேட்டரி நல்லாவே இறங்கின பிறகும் எழுத்து தெளிவா இருக்கும். பஸ்ஸர் அப்படி இல்லை. அதுக்குப் போய்ச் சேர்ற வோல்ட் குறையக் குறைய சத்தமும் குறையும். அதனால பேட்டரி படம் திரையில எட்டிப் பார்க்கறதுக்கு முன்னாடியே பீப் சோர்ந்து போகும். மீட்டர்ல பேக்லைட் இருந்தா ஒரு சுலபமான சோதனை செய்யலாம்: பீப் அடிச்சுட்டிருக்கும்போதே லைட்டைப் போடு. சத்தம் சட்டுனு இறங்கினா பேட்டரி தான் காரணம்.

இன்னொரு மீட்டர் கிடைச்சா பேட்டரியை அளந்து பாரு. கழட்டி வச்சு அளக்காதே. சும்மா இருக்கற பேட்டரி எப்பவும் தெம்பா தான் காட்டும். மூடியை மட்டும் திறந்து, மீட்டரை பீப் அடிக்க விட்டு, அந்த நேரத்துல பேட்டரி முனையில அளக்கணும். புதுசுன்னா 9க்கு மேலேயே நிக்கும். 7.5க்குக் கீழே போயிருந்தா யோசிக்காம மாத்து. பீப்புக்காக மட்டும் சொல்லலை. பேட்டரி இறங்கின மலிவு மீட்டர்கள்ல சிலது வோல்ட்டேஜை இருக்கறதை விட அதிகமா காட்டும்.

ரீசார்ஜ் பண்ற பேட்டரி போட்டிருக்கியா? 9 வோல்ட்னு மேலே எழுதியிருந்தாலும் அந்த வகையில பலது 8.4 வோல்ட் தான், சிலது 7.2. ரெண்டு பென்டார்ச் சைஸ் செல் போடற மீட்டர்லயும் அதே கதை. சாதா செல் ரெண்டு சேர்ந்தா 3 வோல்ட், ரீசார்ஜ் செல் ரெண்டு சேர்ந்தா 2.4. மீட்டருக்கு மட்டும் நல்ல ஆல்கலைன் பேட்டரி வாங்கிப் போடு. ஒண்ணு போட்டா ரொம்ப நாள் வரும்.

பேட்டரி புதுசா இருந்தும் சத்தம் ஏறலைன்னா, அதை மாட்டற பட்டன் கிளிப்பைப் பாரு. பச்சைக் களிம்பு பிடிச்சிருந்தா பழைய டூத் பிரஷ்ல ஸ்பிரிட் தொட்டுத் தேய். பூவிதழ் மாதிரி விரியற அந்தப் பக்கம் தளர்ந்திருந்தா, சின்ன கொறடால சுத்தி வர மெதுவா ஒரு அமுக்கு. ஒரே பக்கமா நெறிச்சா உடைஞ்சுடும்.

கரகரன்னு விட்டு விட்டு வந்தா லீடைச் சந்தேகப்படு. 200 ஓம் ரேஞ்சுல வச்சு ப்ரோப் ரெண்டையும் அழுத்தி முட்ட வை. 0.2, 0.3, அதிகம் போனா 0.5ன்னு நின்னா லீட் நல்லது. 2, 3ன்னு தாவினா, எண் ஒரு இடத்துல நிக்காம ஓடினா, ஒயரை ப்ரோப் பிடி கிட்டயும் மீட்டர்ல சொருகற பின் கிட்டயும் வளைச்சுப் பாரு. மடிச்சு மடிச்சு வைக்கறதால செம்புக் கம்பி உள்ளே ஒவ்வொண்ணா அறுந்து போறது இந்த ரெண்டு இடத்துல தான், மேலே பிளாஸ்டிக் முழுசா இருக்கும். அப்படி ஆன லீடை ஒட்டுப் போடாதே, கரன்ட் அளக்கற ஒயர் அது. புது ஜோடி வாங்கிடு. ப்ரோப் முனை கறுத்திருந்தா மட்டும் நைஸ் உப்புத்தாள்ல ஒரு இழுப்பு போதும்.

ஓட்டை அடைச்சிருக்கா?

இன்னும் திறக்கலை, பாரு. திறக்கறதுக்கு முன்னாடி ரப்பர் உறையைக் கழட்டிட்டு பீப் அடிச்சுப் பாரு. பல மீட்டர்ல சத்தம் வெளியே வர்ற ஓட்டை முதுகுப் பக்கம் இருக்கும். உறை அதை மூடும், நம்ம உள்ளங்கை மூடும், மெத்தை மேலயோ துணி மேலயோ படுக்க வச்சா துணி மூடும். ஓட்டைக்குள்ள மாவு, மரத்தூள், சிமென்ட் தூசி அடைச்சிருந்தாலும் அதே தான். கம்பியை விட்டுக் குத்தாதே. ஓட்டைக்கு நேர் பின்னாடி தட்டு இருக்கும், கீறல் விழுந்தா வேலை கெட்டுது. மீட்டரைக் கவுத்துப் பிடிச்சு பிரஷ்ல தட்டினாலே உதிரும்.

ஓட்டையே இல்லாத மீட்டரும் உண்டு. சிலர் டிரில் போட்டு ஓட்டை போட்டுக்கறாங்க, சத்தம் ஏறத் தான் செய்யும். ஆனா எனக்கு அது உடன்பாடு இல்லை. 230 வோல்ட் அளக்கற கருவியோட பிளாஸ்டிக் உடம்பு தான் உன் கைக்கும் கரன்டுக்கும் நடுவுல இருக்கற காப்பு. அதைப் பீப்புக்காகத் துளைக்கறது வேண்டாம்.

இப்ப திறக்கலாம்

ரெண்டு லீடையும் பிடுங்கு, ஆஃப் பண்ணு, பேட்டரியைக் கழட்டு. அப்புறம் தான் ஸ்க்ரூ. மேசையில ஒரு தட்டு வச்சுக்கோ, சில மாடல்ல டயலுக்கு அடியில சின்ன ஸ்டீல் குண்டும் ஸ்பிரிங்கும் இருக்கும், போர்டைத் தூக்கினா தெறிச்சு ஓடும். பஸ்ஸருக்காக போர்டைத் தூக்க வேண்டிய அவசியம் அநேகமா வராது, பின் மூடி வந்தாலே போதும். திரைப் பக்கம் கையே கொண்டு போகாதே. அங்கே இருக்கற ரப்பர் பட்டை நகர்ந்தா எண்ணுல பாதிக் கோடு காணாமப் போகும்.

உள்ளே வட்டமா, மெல்லிசா ஒரு பித்தளைத் தட்டு தெரியும். நடுவுல வெள்ளி பூசின பீங்கான் வட்டம் ஒட்டியிருக்கும். இது தான் பீசோ. பெரும்பாலும் 27 அல்லது 20 மில்லிமீட்டர் அகலம். கரன்ட் மாறி மாறி வரும்போது பீங்கான் விரிஞ்சு சுருங்கும், பித்தளை அதோட சேர்ந்து வளையும், அந்த வளைவு தான் சத்தம். தட்டு தனியா இருந்தா சத்தம் சன்னமா தான் வரும். வீணைத் தந்திக்குக் குடம் எப்படியோ அப்படி, இந்தத் தட்டுக்குப் பின்னாடி பிளாஸ்டிக்ல ஒரு குழியும் அதுல ஒரு துளையும் வேணும். குழியில சரியா உட்கார்ந்தா தான் சத்தம் பெருகும். பேட்டரியையும் லீடையும் திரும்ப மாட்டி, கழட்டின தட்டை விளிம்புல பிடிச்சுக்கிட்டு பீப் அடிக்க விட்டு, அப்படியே ஒரு காலி பிளாஸ்டிக் டப்பா வாய் மேல வச்சுப் பாரு, உனக்கே புரியும்.

அதனால முதல்ல பார்க்க வேண்டியது பசை. வெயில்ல வண்டிப் பெட்டிக்குள்ளயே கிடக்கற மீட்டர்ல பசை காஞ்சு, தட்டு ஒரு பக்கம் தூக்கிட்டு நிக்கும். குழி விளிம்பை ஸ்பிரிட் தொட்டுத் துடைச்சு, தட்டோட ஓரத்துல மட்டும் மெல்லிசா சிலிக்கான் பசை இழுத்து உட்கார வை. நடுவுல ஒரு துளி கூடப் படக் கூடாது. நடுவுல பசை இருந்தா தட்டு வளையாது, வளையலைன்னா சத்தம் இல்லை. ஒரு ராத்திரி காய விடு.

முதுகை அமுக்கினா சத்தம் ஏறுது இல்லே, அந்த வகைக்கு மருந்தும் இங்கே தான். சில மீட்டர்ல தட்டு பின் மூடியில ஒட்டியிருக்கும், போர்டுல இருந்து ரெண்டு சின்ன ஸ்பிரிங் வந்து அதைத் தொடும். ஸ்பிரிங் தளர்ந்தாலோ முனையில கறை பிடிச்சாலோ தொட்டும் தொடாமலும் நிக்கும். ட்வீசரால ஸ்பிரிங்கை இம்மி அளவு மேலே இழுத்து விடு, தொடற இடத்தை ஐசோபுரோப்பைல் ஆல்கஹால்ல துடை. எண்ணெய், தையல் மிஷின் ஆயில் எதுவும் போடாதே. ஒயர் வச்ச மாடல்னா, ஈயம் வச்ச இடத்துல ஒயர் விட்டிருக்கான்னு உத்துப் பாரு.

தட்டுல முடி அளவு விரிசல் விழுந்தாலும் சத்தம் பாதியாகும். வெளிச்சத்துல சாய்ச்சுப் பார்த்தா வெள்ளிப் பூச்சு மேல கோடு தெரியும். கீழே விழுந்த மீட்டர்ல இதைக் கட்டாயம் தேடு. கண்ணுக்குத் தெரியலைன்னா இன்னொரு வழி இருக்கு. தட்டோட ரெண்டு ஒயரையும் போர்டுல இருந்து எடுத்து, இன்னொரு மீட்டர்ல 200 மில்லிவோல்ட் ரேஞ்சுல கொடுத்து, பென்சில் முனையால தட்டை லேசா தட்டு. எண் துள்ளினா பீங்கானுக்கு உயிர் இருக்கு. 1880ல ஜாக் கியூரியும் அவர் தம்பி பியர் கியூரியும் கண்டுபிடிச்சது இதைத் தான்: அமுக்கினா கரன்ட் பிறக்குது. பீப் சத்தம் அதோட மறுபக்கம். மரி கியூரியைக் கல்யாணம் பண்ணிக்கிட்டாரே, அதே பியர் தான்.

மாத்தறதுன்னு முடிவானா, கடையில ‘பஸ்ஸர்’னு மட்டும் கேக்காதே. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்லயும் சரி, உங்க ஊர்க் கடையிலயும் சரி, பஸ்ஸர்னா கறுப்பு உருளை ஒண்ணைக் கொடுப்பாங்க. அதுல பலது உள்ளேயே தானா அடிக்கற சர்க்யூட் வச்சது, பேட்டரி காட்டினாலே கத்தும். மீட்டர் கொடுக்கறது ஏற்கெனவே துடிக்கற கரன்ட், அதுல அந்த உருளை சரியா அடிக்காது. ‘27 மில்லிமீட்டர் பீசோ டிஸ்க், ஒயரோட’ன்னு கேளு. பழையதைக் கையோட எடுத்துட்டுப் போய் அளவு பொருத்தி வாங்கறது இன்னும் நல்லது. பழைய பாட்டு வாழ்த்து அட்டை, குழந்தை பொம்மை, அலாரம் கடிகாரம் இதுல இருந்தும் கிடைக்கும்.

ஒயர் இல்லாத தட்டு கிடைச்சா சால்டர் பண்ணும்போது கவனம். பித்தளை விளிம்பை உப்புத்தாள்ல லேசா தேய்ச்சு ஃப்ளக்ஸ் தொட்டா ஈயம் பிடிச்சுக்கும். பித்தளை சூட்டை இழுத்துக்கும், அதனால ரெண்டு விநாடி கூடவே ஆகும், பரவாயில்லை. வெள்ளிப் பக்கம் அப்படி இல்லை. ஒயர் முனையில முதல்லயே ஈயம் ஏத்தி வச்சுக்கோ. வெள்ளி வட்டத்தோட ஓரத்துல, நடுவுல இல்லை, வச்சு இரும்பை ஒரு விநாடி தொட்டு எடுத்துடு. கூடுதலா வச்சா வெள்ளிப் பூச்சு ஈயத்தோட கரைஞ்சு வந்துடும், பீங்கானும் சூட்டுல தன் குணத்தை இழக்கும். ஒட்டலைன்னா ஆற விட்டு மறுபடி தொடு.

புதுத் தட்டு போட்டும் சத்தம் ஏறலைன்னா கோளாறு போர்டுல. ஓம் ரேஞ்சும் தப்பாக் காட்டுதான்னு பாரு. ஓம்லயோ கன்டினியூட்டியிலயோ வச்சுட்டு பிளக் பாயின்ட்ல ப்ரோபை விட்ட மீட்டர்ல இந்த ரெண்டும் சேர்ந்தே வரும். அந்த மீட்டரை இனிமே வீட்டுக் கரன்ட் பக்கம் கொண்டு போகாதே. சிப் மேல கறுப்புச் சொட்டு வச்ச மலிவு போர்டை ரிப்பேர் பண்ணிப் பிரயோஜனமில்லை.

காதும் ஒரு காரணம்

இதைச் சொல்லாம விட்டா மனசு கேக்காது. இந்தத் தட்டுகள் கூர்மையா அடிக்கறது பெரும்பாலும் 2000 ஹெர்ட்ஸ்ல இருந்து 4000 ஹெர்ட்ஸ் வரைக்கும். இரைச்சல்ல வேலை செய்யறவங்களுக்குக் காது முதல்ல மந்தமாகறதும் 4000 ஹெர்ட்ஸை ஒட்டித் தான். எங்க கோயம்புத்தூர்ல ஸ்பின்னிங் மில்லுல, ஃபவுண்டரியில, மோட்டார் பட்டறையில வருஷக்கணக்கா நின்னவங்களுக்கு எதிர்ல உட்கார்ந்து பேசறது நல்லாக் கேக்கும், மீட்டர் பீப் மட்டும் கேக்காது. வைண்டிங் கடையில ஒரு பெரியவர் மீட்டரைக் காதோரம் தூக்கி வச்சு ‘இது அடிக்கவே இல்லையே’ம்பார். வாசல்ல நிக்கற அவர் பேத்தி ‘அடிக்குதே தாத்தா’ன்னு அங்கிருந்தே சொல்லுவா.

அப்பாவோ அண்ணனோ மீட்டர் சத்தம் குறைஞ்சு போச்சுன்னு சொன்னா, முதல்ல அதே தூரத்துல நின்னு நீ கேட்டுப் பாரு. உனக்குக் கணீர்னு கேட்டா மீட்டரைத் திறக்காதே. பக்குவமா எடுத்துச் சொல்லி காது டாக்டர் கிட்டக் கூட்டிட்டுப் போ. இரைச்சலால போன காது திரும்பாது. இருக்கறதைக் காப்பாத்த பட்டறையில காதடைப்பு போட்டுக்கணும். வேலைக்கு, கன்டினியூட்டி கிடைச்சதும் லைட் எரியற மீட்டரா வாங்கிக் கொடு. ‘கேக்கலையா, கேக்கலையா’ன்னு நாலு பேர் முன்னாடி கேக்காதே.

கடைசியா, சரி பண்ணின மீட்டரை வேலைக்கு எடுக்கும்போது. ஒவ்வொரு சோதனைக்கும் முன்னாடி ப்ரோப் ரெண்டையும் முட்டி பீப் கேளு, ‘கட்டு’ன்னு முடிவு பண்றதுக்கு முன்னாடி மறுபடி ஒரு தரம் முட்டு. வீட்டு லைன்ல கரன்ட் இருக்கா இல்லையான்னு பார்க்க ஒருநாளும் கன்டினியூட்டியை உபயோகிக்காதே. அந்த லைனுக்கு மட்டும் கரன்டை நிறுத்து, ஏ.சி. வோல்ட் ரேஞ்சுல வச்சு முதல்ல கரன்ட் இருக்கற வேற இடத்துல 230 காட்டுதான்னு பாரு, அப்புறம் நீ கை வைக்கப் போற இடத்துல பாரு, திரும்பவும் அந்தப் பழைய இடத்துல பாரு. நீ கை வைக்கப் போற இடத்துல மட்டும் கரன்ட் இல்லைன்னு வந்த பிறகு தான் டயலைக் கன்டினியூட்டிக்குத் திருப்பணும். கெபாசிட்டர் இருக்கற ஃபேன், மோட்டார்னா அதை டிஸ்சார்ஜ் பண்ணிட்டு அப்புறம். மாசக்கணக்கா தொடப் போறதில்லைன்னா பேட்டரியைக் கழட்டித் தனியா ஒரு கவர்ல போட்டு வை.